ஈரான் எத்தனை பீப்பாய் விற்கிறது என்று அமெரிக்காவுக்கு எப்படித் தெரியும்?

பிழைதிருத்தி கேட்டது:

செய்தி மொழிபெயர்ப்பு என் வேலை. எண்ணெய், வளைகுடா, பொருளாதாரத் தடை என்று ஏஜென்சியில் எது வந்தாலும் பெரும்பாலும் என் மேசைக்குத்தான் தள்ளுவார்கள். இப்போது ஈரானின் எண்ணெய் ஏற்றுமதி பற்றி ஒரு விளக்கக் கட்டுரை எழுதச் சொல்லியிருக்கிறார்கள். முதல் பத்தியிலேயே மாட்டிக்கொண்டு நிற்கிறேன்.

அமெரிக்க அரசின் எரிசக்தித் தகவல் நிர்வாகம் 2024 அக்டோபரில் ஓர் அறிக்கை வெளியிட்டது. ஈரான் எண்ணெய் விற்று 2021-இல் 3,700 கோடி டாலரும், 2022-இல் 5,400 கோடியும், 2023-இல் 5,300 கோடியும் ஈட்டியதாம். ஏதோ ஈரான் அரசின் பேரேட்டைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு எழுதியது போல இருக்கிறது. ஆனால் நான் மொழிபெயர்க்கும் செய்திகளில், ஈரான் எண்ணெயை ஏற்றும் கப்பல்கள் இருப்பிடம் காட்டும் கருவியை அணைத்துவிட்டுப் போகின்றன, பெயரை மாற்றிக்கொள்கின்றன, நடுக்கடலில் இன்னொரு கப்பலுக்குச் சரக்கை மாற்றிவிடுகின்றன என்றுதான் வருகிறது. மறைத்துக் கொண்டுபோகிற சரக்கை இவ்வளவு துல்லியமாக எண்ணுகிறவர் யார்? எங்கே நின்று எண்ணுகிறார்?

இன்னொன்று. ஒரே மாதத்துக்கு மூன்று நிறுவனங்கள் மூன்று எண் சொல்கின்றன. எதைப் போடுவது? எல்லாவற்றுக்கும் மேல், இவ்வளவு தெரிந்தும் ஏன் தடுக்கவில்லை?

கப்பல் துறையில் இருந்தவர்கள் யாராவது இருந்தால் கொஞ்சம் விளக்குங்கள். இணைப்புகள் வேண்டாம், அவை என்னிடம் நிறைய இருக்கின்றன. நேரில் பார்த்தவர் சொன்னால் எனக்குப் புரியும்.

---

சும்மா ஒருவன்:

எல்லாம் குத்துமதிப்பு. கூட்டிச் சொன்னால் "ஈரான் கொழிக்கிறது, இன்னும் தடை போடு" என்பார்கள். குறைத்துச் சொன்னால் "எங்கள் தடை வேலை செய்கிறது" என்பார்கள். யார் ஆட்சியில் இருக்கிறார்கள் என்று பார்த்து எண்ணைப் போட்டுக்கொள்ளுங்கள்.

---

பம்ப்ரூம்:

சும்மா ஒருவன் சொல்வதில் பாதி உண்மை. எண்ணை வைத்து அரசியல் நடக்கிறது, சரி. ஆனால் எண் வானத்திலிருந்து விழுவதில்லை. 26 வருஷம் டேங்கரில் இருந்தவன் நான், கடைசி 12 வருஷம் சீஃப் ஆபீசர். டேங்கரில் சரக்குக்குப் பொறுப்பு அந்த ஆள்தான். ஒரு சொட்டு குறைந்தாலும் அவன் சட்டையைத்தான் பிடிப்பார்கள்.

தம்பி, முதலில் ஒரு பீப்பாயை ஒழுங்காக எண்ணுவது எப்படி என்று சொல்லிவிடுகிறேன். அது தெரிந்தால் திருட்டுத்தனமாகப் போகிற பீப்பாயை எப்படி எண்ணுகிறார்கள் என்பது தானாக விளங்கும்.

2017 கோடையில் ஈரானின் கார்க் தீவில் ஏற்றினோம். அப்போது எல்லாம் சட்டப்படிதான். 2015 அணு ஒப்பந்தத்தின்படி 2016 ஜனவரி 16 அன்று தடைகள் விலகியிருந்தன. 2018 மே 8 அன்று டிரம்ப் வெளியேறும்வரை நடுவில் இரண்டேகால் வருஷம் நல்ல காலம். ஈரானின் கச்சா எண்ணெயில் பத்தில் ஒன்பது பங்கு அந்த ஒரு தீவிலிருந்துதான் வெளியே போகிறது. தீவின் மேற்கே கடலுக்குள் தனியாக நிற்கும் ஜெட்டிக்கு, அதாவது கப்பல் கட்டும் மேடைக்கு, சீ ஐலண்ட் என்று பெயர். 20 லட்சம் பீப்பாய் கொள்ளும் வி.எல்.சி.சி. கப்பல்கள் அங்கேதான் கட்டும்.

ஏற்றி முடிக்கும்போது இரவு இரண்டு மணி. டெக் தகடு அந்த நேரத்திலும் சுடும். சரக்கை அளக்க வரும் சர்வேயரும் நானும் ஒவ்வொரு டேங்காகப் போகிறோம். சரக்கு டேங்க் 15, கழிவெண்ணெய் சேர்க்கும் ஸ்லாப் டேங்க் 2. அவர் கையில் யு.டி.ஐ. என்கிற அளவுநாடா. அதன் நுனி எண்ணெயைத் தொட்டதும் கீச்சென்று கத்தும். டேங்கின் மேல் விளிம்பிலிருந்து எண்ணெய் மட்டம் வரை உள்ள வெற்றிடம்தான் அல்லேஜ். அதைக் குறிக்க வேண்டும். பிறகு மேலே, நடுவே, அடியில் என மூன்று இடத்தில் வெப்பம் பார்க்க வேண்டும். எண்ணெய் சூட்டில் உப்பும். 20 லட்சம் பீப்பாயில் பத்து டிகிரி தவறாகப் படித்தால் 15,000 பீப்பாய்க்கு மேல் கணக்கு போய்விடும். நெஞ்சுப் பையில், எண்ணெயிலிருந்து வரும் விஷவாயுவைக் காட்டும் ஹெச்.டூ.எஸ். மீட்டர் வேறு அவ்வப்போது பீப் பீப் என்று மிரட்டும்.

கடைசியில் கேபினில் உட்கார்ந்து கப்பல் கணக்கையும் கரைக் கணக்கையும் ஒப்பிடுவோம். இரண்டும் ஒத்துப்போய் நான் பார்த்ததே இல்லை. இரண்டாயிரம் மூவாயிரம் பீப்பாய் இடித்தால் பேசாமல் கையெழுத்து. அதற்கு மேல் போனால் எதிர்ப்புக் கடிதம் எழுதிவிட்டுக் கையெழுத்து. அப்புறம்தான் இவ்வளவு சரக்கு ஏறியது என்று சொல்லும் பில் ஆஃப் லேடிங். உலகத்தில் எண்ணெய் ஏற்றுமதிக் கணக்கு என்பதெல்லாம் அந்தக் காகிதத்திலிருந்துதான் கிளம்புகிறது.

இப்போது அந்த சர்வேயரை எடுத்துவிடு. காகிதத்தையும் எடுத்துவிடு. வாஷிங்டனில் இருக்கிறவனுக்கு என்ன மிச்சம்? கப்பல் மட்டும்தான். பீப்பாயை யாரும் எண்ணவில்லை தம்பி. கப்பலை எண்ணுகிறார்கள், பீப்பாய் அதிலிருந்து போட்ட கணக்கு. உன் கட்டுரையில் முதல் பத்தியில் இதைப் போட்டுவிட்டால் பாதி வேலை முடிந்தது.

கப்பல் எவ்வளவு அமிழ்ந்திருக்கிறது என்பதற்கு டிராஃப்ட் என்று பெயர். வி.எல்.சி.சி. காலியாக, நிலையாக மிதக்க ஏற்றிய பல்லாஸ்ட் தண்ணீரோடு வரும்போது பத்து மீட்டரை ஒட்டி நிற்கும். நிறைந்தால் 20, 21 மீட்டர். அந்த அளவுக் கப்பல் ஒரு சென்டிமீட்டர் அமிழ ஏறத்தாழ 170 டன் வேண்டும். ஒரு மீட்டருக்கு 17,000 டன். ஈரான் எண்ணெயில் அது சுமார் ஒன்றேகால் லட்சம் பீப்பாய். ஆக அமிழ்ந்த ஆழம் தெரிந்தால் சரக்கு தெரிந்துவிடும்.

சரி, ஆழத்தை யார் சொல்கிறார்கள்? கப்பலே சொல்லும். ஏ.ஐ.எஸ். கருவி இருக்கிறதே, அது இடம், வேகம், திசையோடு ஆறு நிமிஷத்துக்கு ஒருமுறை கப்பலின் பெயர், ஐ.எம்.ஓ. எண், டிராஃப்ட், போகும் துறைமுகம் எல்லாவற்றையும் ஒலிபரப்பும். இதில் வேடிக்கை என்னவென்றால், இடத்தைக் கருவி தானாக எடுத்துக்கொள்கிறது. டிராஃப்டையும் போகும் இடத்தையும் அடிப்பது கப்பலை ஓட்டும் அறையான பிரிட்ஜில் நிற்கும் செகண்ட் ஆபீசரின் விரல். நேர்மையான கப்பலிலேயே அந்தப் பையன் மறந்துபோய், நிறைந்த கப்பல் இரண்டு நாள் 10 மீட்டர் என்று உலகத்துக்குச் சொல்லிக்கொண்டு போகும். கேப்டன் பார்த்துத் திட்டும்வரை.

அணைத்துவிட்டால் என்ன என்றுதானே கேட்கிறாய். அணைப்பதே குற்றம் இல்லை. பாதுகாப்புக்கு ஆபத்து என்று தோன்றினால் கேப்டன் அணைக்கலாம், விதியே இடம் கொடுக்கிறது. ஆனால் 330 மீட்டர் நீளமுள்ள பொருளை எங்கே ஒளிப்பது? ஐக்கிய அமீரகத்தின் ஃபுஜைரா துறைமுகத்துக்கு வெளியே காலியாக உயர்ந்து நின்ற கப்பல் திடீரென்று சத்தமில்லாமல் போகிறது. எட்டு நாள் கழித்து அதே பக்கம் 20 மீட்டர் அமிழ்ந்து வெளியே வருகிறது. நடுவில் என்ன நடந்தது என்று சொல்ல ஜோதிடர் வேண்டியதில்லை.

பெயரை மாற்றினாலும் ஐ.எம்.ஓ. எண் மாறாது. கப்பல் கட்டியதிலிருந்து உடைக்கும்வரை அதே ஏழு இலக்கம். உடம்பில் அழியாதபடி பொறித்திருக்க வேண்டும் என்பது விதி. அமெரிக்க நிதித்துறை தடைப்பட்டியலில் கப்பலைச் சேர்க்கும்போது பெயரோடு இந்த எண்ணையும் போடுவது அதனால்தான்.

இதைக் கண்ணால் பார்த்த கதை ஒன்று. 2020 கடைசி, கோவிட் காலம். என் ஒப்பந்தம் ஒன்பது மாதம், பதினோராவது மாதம் ஓடிக்கொண்டிருந்தது. ஆள் மாற்ற எந்தத் துறைமுகமும் விடவில்லை. மலேசியாவின் ஜொகூருக்குக் கிழக்கே, துறைமுக எல்லைக்கு வெளியே நங்கூரம் போட்டிருந்தோம். ஒரு கப்பலிலிருந்து சரக்கு எடுக்க வேண்டும் என்று கம்பெனியிலிருந்து செய்தி. காகிதத்தில் மலேசியக் கலவை என்று இருந்தது. இருட்டியதும் அந்தக் கப்பல் வந்து பக்கத்தில் ஒட்டியது. நடுவில் ஆள் உயரத்தைவிடப் பெரிய ரப்பர் ஃபெண்டர்கள், அலைக்கு இரண்டு கப்பலும் அவற்றைப் பிழிந்து பிழிந்து எடுக்கின்றன. நான் டிராஃப்ட் பார்க்க டார்ச்சை அடித்தபோது வெளிச்சம் அதன் முகப்பில் விழுந்தது. புதுப் பெயர் வெள்ளைப் பெயின்டில் பளபள என்று இருக்கிறது. அதற்கு அடியில் பழைய பெயரின் வெல்டிங் தழும்பு.

கப்பல் பெயரை வெறும் பெயின்டில் எழுத மாட்டார்கள். எழுத்தின் ஓரத்தை வெல்டிங்கால் மேடாக இழுத்துவிட்டு உள்ளே நிறம் அடிப்பார்கள். பெயர் மாறினால் அந்த மேட்டைச் சாணை பிடித்து எடுக்க வேண்டும். அவசரக்காரன் எடுக்க மாட்டான். பக்கவாட்டில் வெளிச்சம் விழுந்தால் பழைய எழுத்து நிழலாக எழுந்து நிற்கும். அன்றைக்கு ஏழெட்டு எழுத்து தெரிந்தது. கேப்டனிடம் போய்ச் சொன்னேன். "வீட்டுக்குப் போகணுமா வேண்டாமா?" என்று மட்டும் கேட்டார்.

ஹோஸ் மாட்டினோம். ஏற்றினோம். அடுத்து இறங்கக் கிடைத்த இடத்தில் நான் இறங்கிவிட்டேன். அந்தக் கம்பெனி கடைசி இரண்டு மாதச் சம்பளத்தை ஏழு மாதம் கழித்துத்தான் கொடுத்தது. அது ஈரான் எண்ணெய்தானா என்று நான் சத்தியம் செய்ய முடியாது. ஹோஸ் வந்து சேரும் மேனிஃபோல்டில் சாம்பிள் எடுத்தபோது மீட்டர் கத்தியது, மூக்குக்குப் பழகிய வாசனை, அவ்வளவுதான் சொல்லலாம்.

---

பிழைதிருத்தி:

தம்பி இல்லை சார், தங்கச்சி. பரவாயில்லை. இந்த டிராஃப்ட் விஷயம் ஏஜென்சி செய்தி எதிலும் இல்லாதது, ரொம்ப நன்றி.

ஒரு சந்தேகம். ஏ.ஐ.எஸ். அணைத்தால் தெரிந்துவிடும் என்கிறீர்கள். அணைக்காமல் பொய்யான இடத்தைச் சொன்னால்? அப்படியும் செய்திகளில் வருகிறது. அப்புறம் மூன்று எண் விவகாரத்துக்கும், ஏன் தடுக்கவில்லை என்பதற்கும் இன்னும் பதில் வரவில்லை.

---

பத்து மீட்டர்:

பொய் இடத்துக்கு நான் பதில் சொல்கிறேன். எனக்குக் கப்பலில் ஏறிப் பழக்கமில்லை. சாயங்காலம் செயற்கைக்கோள் படம் பார்ப்பது பொழுதுபோக்கு, அவ்வளவே. ஐரோப்பிய ஒன்றியத்தின் கோபர்நிகஸ் திட்டத்தில் சென்டினல் படங்கள் யாருக்கும் இலவசம். சென்டினல் 2 சாதாரணப் புகைப்படம் மாதிரி, ஒரு புள்ளிக்குப் பத்து மீட்டர். சென்டினல் 1 ரேடார். இரவு, மேகம் எதுவும் அதற்குத் தடையில்லை. நம்மை மாதிரி ஆட்களுக்கே இவ்வளவு கிடைக்கிறது. காசு கொடுத்தால் அரை மீட்டருக்கும் கீழே கிடைக்கும். அரசிடம் என்ன இருக்கும் என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள்.

330 மீட்டர் கப்பல் என் திரையில் 33 புள்ளி நீளம். அரிசி மணி மாதிரி இருக்கும். கார்க் பக்கம் போனால் சார் சொன்ன சீ ஐலண்ட் நீலத்தில் போட்ட ஒரு வெள்ளைக் கோடு. கோட்டை ஒட்டி மணி இருக்கிறதா இல்லையா என்று பார்த்தால் போதும். ஜொகூருக்குக் கிழக்கே இன்னும் சுவாரசியம். அங்கே இரண்டு மணி ஒட்டிக்கொண்டு ஒரே தடித்த மணியாகத் தெரியும். பகலில் மேகம் கெடுத்துவிடும், அதனால் அந்தப் பக்கம் நான் ரேடார்தான் பார்ப்பேன்.

பொய் இடத்தைப் பிடிப்பது இப்படித்தான். ஒரு கப்பல் ஏ.ஐ.எஸ்.-இல் நான் ஓமான் வளைகுடாவில் நங்கூரம் போட்டிருக்கிறேன் என்கிறது. அதே நேரத்துப் படத்தை எடுத்து அந்த இடத்தில் பாருங்கள். வெறும் தண்ணீர். அப்போது கார்க்கில் அதே நீளத்தில், டெக் குழாய்கள் அதே மாதிரி போகிற ஒரு கப்பல் நிற்கிறது. படம் கிடைக்காவிட்டால் தடத்தைப் பார்க்கலாம். நங்கூரத்தில் நிற்கும் நிஜக் கப்பல் காற்றுக்கும் நீரோட்டத்துக்கும் வால் ஆட்டும், தடம் கோழி கிளறிய மாதிரி இருக்கும். பொய்த் தடம் சில சமயம் காம்பஸ் வைத்து வரைந்தது போல இருக்கும்.

மூன்று எண் ஏன் என்பதில் எனக்குத் தெரிந்தது ஒன்று. கப்பல் மறுபடி மறுபடி சரக்கை மாற்றும்போது ஒரே எண்ணெயை இரண்டு தடவை எண்ணிவிடும் ஆபத்து உண்டு. எந்த இடத்தையும் சில நாளைக்கு ஒருமுறைதான் பார்க்கிற எனக்கு அது நடந்திருக்கிறது. வெட்கமாக இருந்தது.

சீனச் சுங்கத்துறைக் கணக்கையும் பாருங்கள். அதில் ஈரானிலிருந்து கச்சா எண்ணெய் என்று 2022-க்குப் பிறகு ஒரு டன் கூட இல்லை. ஆனால் மலேசியாவிலிருந்து வந்தது என்று காட்டியிருக்கும் அளவு, மலேசியா தோண்டி எடுக்கும் மொத்த எண்ணெயைவிட இரண்டு மடங்குக்கும் மேல். மலேசியாவிலும் வண்டி ஓடுகிறதே, அதற்கு எண்ணெய் எங்கிருந்து என்று யாரும் கேட்கவில்லை போலிருக்கிறது.

---

பம்ப்ரூம்:

மன்னித்துக்கொள்ளம்மா, பெயரைப் பார்த்து எனக்கு ஆண்பிள்ளை என்று தோன்றிவிட்டது.

பத்து மீட்டர் நன்றாகச் சொன்னார். மூன்று எண் வருவதற்கு எண்ணுகிறவர்களின் திறமைக் குறைவு காரணம் என்று நினைக்காதே. ஒருவர் கார்க்கில் ஏறியதை எண்ணுகிறார். இன்னொருவர் சீனத்தில் இறங்கியதை எண்ணுகிறார். நடுவில் 45 நாள், சில சமயம் மூன்று மாதம்கூட அது கடலிலேயே மிதக்கும். அது விற்றதா, சேமித்து வைத்ததா? ஈரான் தன் சொந்தக் கப்பல்களில் ஏற்றி நிறுத்தி வைப்பது பழைய பழக்கம். சவுத் பார்ஸ் எரிவாயு வயலில் வாயுவோடு வரும் லேசான எண்ணெயான கண்டன்சேட்டை ஒருவர் கச்சாவோடு சேர்ப்பார், ஒருவர் சேர்க்க மாட்டார். எந்த எண்ணைப் போட்டாலும் "ஏற்றியது" என்றோ "இறங்கியது" என்றோ ஒரு வார்த்தை சேர்த்துவிடு, யாரும் உன்னைக் குறை சொல்ல முடியாது.

டாலர் கணக்கு இன்னும் மோசம். பீப்பாயையாவது வெளியே இருந்து பார்க்கலாம், விலை எங்கேயும் தெரியாது. தடையில் உள்ள எண்ணெயைத் தள்ளுபடி இல்லாமல் யார் வாங்குவான்? நாளுக்கு 15 லட்சம் பீப்பாய், பீப்பாய்க்கு 5 டாலர் தள்ளுபடி என்று சும்மா வைத்துக்கொள். வருஷத்துக்கு 270 கோடி டாலருக்கு மேல் வித்தியாசம். அப்புறம் தரகன், பெயர் மாற்றிய கப்பலின் வாடகை, நடுக்கடலில் மாற்றும் செலவு. 5,300 கோடியில் தெஹ்ரான் கைக்குப் போய்ச் சேர்ந்தது எவ்வளவு என்பது வேறு கதை.

இப்போது ஏன் தடுக்கவில்லை. இதற்கு அந்தச் சட்டத்தையே படித்துப் பார். எனக்கும் கரைக்கு வந்த பிறகுதான் பொறுமை வந்தது. 2011 டிசம்பர் 31 அன்று ஒபாமா கையெழுத்திட்ட பாதுகாப்பு நிதிச் சட்டத்தில் 1245 என்று ஒரு பிரிவு. ஈரானின் மத்திய வங்கி வழியாக எண்ணெய்க்குப் பணம் கொடுக்கும் வெளிநாட்டு வங்கிகளைத் தண்டிப்பது அதன் வேலை. அதில் எரிசக்தித் தகவல் நிர்வாகம் 60 நாளுக்கு ஒருமுறை அறிக்கை தர வேண்டும் என்று இருக்கிறது. எதைப் பற்றி தெரியுமா? ஈரான் எண்ணெயைப் பற்றி இல்லை. ஈரான் *அல்லாத* நாடுகளில் எவ்வளவு எண்ணெய் கிடைக்கிறது, என்ன விலை என்பதைப் பற்றி. அதைப் பார்த்து, ஈரானை ஒதுக்கினாலும் உலகச் சந்தை தாங்கும் என்று அதிபர் முடிவு செய்தால்தான் எண்ணெய் விஷயத்தில் தடை பாயும். வாங்கும் அளவைக் கணிசமாகக் குறைத்துக்கொண்ட நாட்டுக்கு 180 நாள் விலக்கு. பிறகு மறுபடி பார்ப்பார்கள்.

அப்படியென்றால் அரசு அப்போது கண்காணித்தது கடத்தலை இல்லையம்மா, தன் நாட்டு பெட்ரோல் விலையை. 2018 நவம்பரில் மறுபடி தடை போட்டபோதும் சீனா, இந்தியா, ஜப்பான், துருக்கி உட்பட எட்டு நாடுகளுக்கு விலக்கு கொடுத்தார்கள், 2019 மே தொடக்கத்தில்தான் நிறுத்தினார்கள். ஈரான் எவ்வளவு ஏற்றுமதி செய்கிறது என்று நேரடியாகக் கணக்குக் கேட்டு அமெரிக்க நாடாளுமன்றம் சட்டம் போட்டது 2024 ஏப்ரலில். நீ பார்த்த அக்டோபர் அறிக்கை அதற்குப் பதில். நடுவில் 12 வருஷத்துக்கு மேல். என் கருத்து இதுதான். தெரியாமல் விட்டார்கள் என்பது இல்லை. எவ்வளவு போனால் விலை ஏறாது, எவ்வளவு போனால் எதிர்க்கட்சி கத்தாது என்று இரண்டுக்கும் நடுவில் ஒரு அளவு வைத்திருந்தார்கள். சும்மா ஒருவன் சொன்ன பாதி உண்மை இந்த இடத்தில்தான் வருகிறது.

---

சும்மா ஒருவன்:

பாதியாவது கொடுத்தீர்களே, நன்றி. ஆனால் ஒன்று. ஒரு ஆளை ஜெட்டியிலேயே நிறுத்தி எண்ணச் சொன்னால் இந்தத் தொல்லையே இல்லையே? ஐ.நா. ஈராக்கில் அப்படித்தானே செய்தது?

---

பம்ப்ரூம்:

செய்தது. அதிலும் ஓட்டை போட்டார்கள். 1996 டிசம்பரிலிருந்து உணவுக்கு எண்ணெய் திட்டத்தில் ஈராக் விற்றுக்கொள்ளலாம், பணம் ஐ.நா. கணக்குக்குப் போகும். ஈராக்கின் மினா அல் பக்ர் முனையத்திலும் துருக்கியின் ஜெய்ஹானிலும் ஐ.நா. அமர்த்திய ஆய்வாளர்கள் நின்று அளந்தார்கள். 2001-இல் எசெக்ஸ் என்ற டேங்கர் மினா அல் பக்ருக்கு மே மாதம் ஒருமுறை, ஆகஸ்டில் ஒருமுறை வந்தது. அளந்தாயிற்று, கையெழுத்தும் ஆயிற்று. அதற்குப் பிறகு மறுபடி வால்வைத் திறந்து ஏற்றினார்கள். இரண்டு தடவையும் சேர்த்து சுமார் ஐந்து லட்சம் பீப்பாய், கணக்கில் இல்லாமல். வெளியே வந்தது எப்படி? அந்தக் கப்பலின் கேப்டனே ஐ.நா.வுக்கு எழுதினார். செயற்கைக்கோள் இல்லை, ஆய்வாளர் இல்லை, உள்ளே இருந்த ஆள்.

ஈரானில் ஜெட்டியில் ஆளே இல்லை. அதனால்தான் எல்லாக் கையும் கப்பல்காரன் கழுத்துக்கு வருகிறது. 2019 ஜூலை 4 அன்று ஜிப்ரால்டரில் பிரிட்டிஷ் படை பிடித்த கிரேஸ் 1 என்ற டேங்கர் ஞாபகம் இருக்கும். 21 லட்சம் பீப்பாய் ஈரான் எண்ணெய். விட்டதும் ஏட்ரியன் தாரியா 1 என்று பெயர் மாறியது. அதன் கேப்டன் இந்தியர். கப்பலைப் பிடிக்க வசதியான இடத்துக்கு ஓட்டி வந்தால் பல மில்லியன் டாலர் தருகிறோம் என்று அமெரிக்க வெளியுறவுத்துறை அதிகாரி அவருக்கு மின்னஞ்சல் அனுப்பினார். அவர் பதில் போடவில்லை. கப்பலோடு சேர்த்து அவர் பெயரையும் தடைப்பட்டியலில் போட்டார்கள். சம்பளத்துக்கு வந்த மனுஷன். செப்டம்பர் தொடக்கத்தில் சிரியாவுக்கு எதிரே ஏ.ஐ.எஸ். அணைந்தது, நாலு நாளில் தர்தூஸ் அருகே கப்பல் நிற்கும் படம் வந்துவிட்டது. பார்த்தார்கள். எண்ணெய் அவர்கள் கைக்கு வரவில்லை.

கையில் அகப்பட்டதும் உண்டு. சூயஸ் ராஜன் என்ற டேங்கர். 2022 பிப்ரவரியில் விர்கோ என்ற கப்பல் அதன் பக்கத்தில் ஒட்டிக்கொண்டு நிற்கும் செயற்கைக்கோள் படங்களை ஒரு தன்னார்வ அமைப்பு வெளியிட்டது. அரசு இல்லை, கவனி. ஒரு வருஷத்துக்கு மேல் அந்தக் கப்பல் போக்கிடம் இல்லாமல் நின்று, 2023-இல் டெக்சாஸ் கரைக்கு வந்து 9,80,000 பீப்பாய் ஈரான் எண்ணெயை இறக்கியது. உடைமை நிறுவனம் குற்றத்தை ஒப்புக்கொண்டு 24 லட்சம் டாலருக்கு மேல் அபராதம் கட்டியது. கப்பலுக்கு செயின்ட் நிகோலஸ் என்று புதுப் பெயர். 2024 ஜனவரி 11 அன்று ஓமான் வளைகுடாவில் ஈரான் அதையே பிடித்துக்கொண்டது. அப்போது அதில் இருந்தது ஈராக் எண்ணெய், துருக்கிக்குப் போய்க்கொண்டிருந்தது. உள்ளே இருந்த 19 பேரில் 18 பேர் பிலிப்பைன்ஸ்காரர்கள்.

---

பிழைதிருத்தி:

சார், கட்டுரையின் முதல் வரியை மாற்றிவிட்டேன். "ஈரான் 5,300 கோடி டாலருக்கு எண்ணெய் விற்றது" என்று இருந்ததை "விற்றிருக்கும் என்று கப்பல்களைப் பார்த்துக் கணக்கிடுகிறார்கள்" என்று ஆக்கினேன். ஆசிரியர் தலைப்புக்கு இடம் போதாது என்று முனகினார்.

வெல்டிங் தழும்பு கதையைச் சேர்க்கலாமா? பெயர் எதுவும் போட மாட்டேன்.

---

பம்ப்ரூம்:

சேர்த்துக்கொள்ளம்மா. மாதத்தை மட்டும் எடுத்துவிடு. அந்தக் கேப்டன் இன்னும் கப்பலில்தான் இருக்கிறார்.